கிங்ஸ்மீட் டெஸ்ட்: மூன்றாம் நாள் மாலைக் கேள்வி பதில்

இன்று, 2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை, டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா 191 ஓட்டங்களும், பின்னர் ஐந்து விக்கெட்டுக்கு 366 ஓட்டங்களும் எடுத்து டிக்ளேர் செய்தது. இலங்கை முதல் இன்னிங்ஸில் 42 ஓட்டங்களுக்குச் சுருண்டு, இப்போது 516 என்ற இலக்கை நோக்கி ஐந்து விக்கெட்டுக்கு 103 என்ற நிலையில் நிற்கிறது. உள்ளூர் லீக் ஆட்டங்களில் நெடுங்காலம் நடுவராக நின்றவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, ஒரு சர்வதேச அணி 42 ஓட்டங்களுக்கு ஆட்டமிழக்கிறது என்றால் ஆடுகளத்தில் கோளாறு என்றுதானே பொருள்? ஐசிசி விசாரிக்க வேண்டாமா?

பதில்: கோளாறு ஆடுகளத்தில் இல்லை. அதே ஆடுகளத்தில், முதல் நாள் மேகத்துக்குக் கீழே 20.4 ஓவர்கள் மட்டும் நடந்த ஆட்டத்தில் நான்கு விக்கெட்டுக்கு 80 என்று தடுமாறிய தென்னாப்பிரிக்கா, அணித்தலைவர் டெம்பா பவுமாவின் 70 ஓட்டங்களைத் தூணாகப் பிடித்துக்கொண்டு 191 வரை சென்றது. இலங்கை சுருண்ட அதே இரண்டாம் நாளின் மாலையில் தென்னாப்பிரிக்கா மூன்று விக்கெட்டுக்கு 132 எடுத்தது. இன்று டிரிஸ்டன் ஸ்டப்ஸ் 122, பவுமா 113. இருவரும் சேர்ந்து 249 ஓட்டங்கள். இலங்கை ஆடிய 83 பந்துகளுக்கு மட்டும் பேயாடிவிட்டு மறுபடியும் சாதுவாகிவிடும் ஆடுகளத்தை நான் பார்த்ததில்லை.

நடந்தது என்னவென்றால், இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரமுள்ள இடக்கை வேகப்பந்து வீச்சாளர் மார்கோ யான்சன், தம் உயரத்தை நம்பிப் பந்தைக் குறுகலாகக் குத்தாமல், மட்டையாளருக்கு அருகே விழும்படி முழு நீளத்தில் வீசினார். இடக்கையாளர் ஓவர் தி விக்கெட் வந்து வீசும்போது பந்து வலக்கை மட்டையாளரைக் குறுக்காகக் கடந்து ஸ்லிப் பக்கம் போகத்தான் வேண்டும் என்று கண் எதிர்பார்க்கும். அதில் சில பந்துகள் உள்ளே திரும்பிவிட்டால், வெளியே போகும் பந்தைத் துரத்திய கையும் உள்ளே வரும் பந்துக்காகக் காத்திருக்க வேண்டிய காலும் ஒன்றுக்கொன்று உதவாமல் போய்விடும். 6.5 ஓவர்களில் 13 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட் என்பது அப்படி வந்த கணக்கு. நாம் பயன்படுத்தும் கூக்கபுரா பந்து புதிதாக இருக்கும் முதல் இருபது ஓவர்களில்தான் காற்றில் நன்றாக வளையும். அதன் தையல் விரைவில் படிந்துவிடும். இலங்கை அந்த இருபது ஓவர்களைக் கடக்கவேயில்லை, 13.5 ஓவர்களில் எல்லாம் முடிந்தது. நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சலிக்காமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: கிங்ஸ்மீட்டில் பந்து பழசாகும் வரை, முன்னங்கால் எட்டாத பந்துக்குக் கவர் டிரைவ் ஆடாதே. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், இந்தப் பகுதி முடிவதற்குள் மறுபடியும் எழுதுவேன்.

பதிவுக்காக: இலங்கையின் முந்தைய மிகக் குறைந்த எண்ணிக்கை 1994இல் கண்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 71. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எந்த அணியும் 42க்குக் கீழே போனதில்லை. பந்துகளின் கணக்கில் இதைவிடச் சுருக்கமாக முடிந்த முழு இன்னிங்ஸ் ஒன்றுதான் உண்டு. 1924இல் எட்ஜ்பாஸ்டனில் 75 பந்துகளில் 30 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்த அணி. அது நம் அணிதான் என்பதால் யாரும் அதிகமாகச் சிரிக்க வேண்டாம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): 42க்கு ஆட்டமிழந்த அணியைப் பவுமா ஏன் ஃபாலோ-ஆன் ஆட வைக்கவில்லை?

பதில்: ஃபாலோ-ஆன் என்பது பின்தங்கிய அணியை உடனே மறுபடியும் மட்டையாட வைப்பது. பவுமாவுக்கு அந்த உரிமை இல்லை. ஐந்து நாள் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸ் முன்னிலை குறைந்தது 200 ஓட்டங்களாக இருந்தால்தான் ஃபாலோ-ஆன் கேட்கலாம். 191இலிருந்து 42ஐக் கழித்தால் 149.

கேள்வி (வெருலம்): எதிரணி நடுங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் மட்டையாட வைத்திருந்தால் நேற்றே முடிந்திருக்குமே?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள். முன்னிலை 149.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 150 ஓட்டங்கள் போதும் என்று நான் படித்திருக்கிறேனே?

பதில்: இந்தக் கேள்வியில் கொஞ்சம் சத்து இருக்கிறது. மூன்று அல்லது நான்கு நாள் ஆட்டத்தில் 150, இரண்டு நாள் ஆட்டத்தில் 100, ஒரு நாள் ஆட்டத்தில் 75 என்பது விதி. டெஸ்டின் முதல் நாள் ஒரு பந்துகூட வீசப்படாமல் மழையில் போனால், மீதியுள்ள நாட்களை எண்ணி அந்தக் குறைந்த அளவைக் கொள்ள வேண்டும் என்றும் விதி சொல்கிறது. புதன்கிழமை 20.4 ஓவர்கள் நடந்துவிட்டதால் அது இங்கே பொருந்தாது. நடக்காமலே போயிருந்து, எல்லா எண்ணிக்கைகளும் இப்படியே அமைந்திருந்தாலும், 150க்கு ஓர் ஓட்டம் குறைந்திருக்கும். ஃபாலோ-ஆன் பற்றி இனி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி (இசிப்பிங்கோ): ஐயா, நான் தூண்டில்காரன். கடல் ஏற்றம் வரும்போது கிங்ஸ்மீட்டில் பந்து ஆடும் என்று என் அப்பா சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அமாவாசை, ஏற்றம் நாளுக்கு நாள் கூடிவருகிறது. யான்சனுக்கு ஏழு விக்கெட் கொடுத்தது கடல்தான் என்கிறேன்.

பதில்: டர்பனில் பிறந்த எவரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. மைதானம் கடலுக்கு அருகில் இருக்கிறது, ஏற்றத்தின்போது நிலத்தடி நீர் மேலே வருகிறது, ஆடுகளம் ஈரமாகிறது என்பது வாதம். ஆனால் ஆடுகளத்தின் மேற்பரப்பு களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பல நாட்கள் உருளையால் இறுக்கி அமைக்கப்படுவது. அதன் ஈரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஊழியர் ஊற்றும் தண்ணீர், மூடுதுணி, வெயில், புல்லின் அளவு ஆகியவை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம். அப்படியானால் ஒவ்வொரு ஆட்ட நாளிலும் ஒரு பொழுது எல்லா அணிகளும் சரிந்து, மறு பொழுது எல்லா அணிகளும் குவிக்க வேண்டும். இன்று காலை முதல் பவுமாவும் ஸ்டப்ஸும் ஆடிக்கொண்டிருந்தபோது கடல் விடுப்பில் போயிருந்ததா?

அவரே மறுபடியும்: ஸ்டப்ஸ் ஆடியது பழைய பந்தை. புதுப் பந்தும் ஏற்றமும் சேர்ந்தால்தான் வினை. ஏற்றம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லையே?

பதில்: அப்படியென்றால் வினையைப் பந்துக்கே கொடுத்துவிடலாமே, ஏற்றத்தைச் சேர்த்துக்கொள்ள என்ன அவசியம்? நேற்று தென்னாப்பிரிக்காவின் இரண்டாம் இன்னிங்ஸும் புதுப் பந்தில்தான் தொடங்கியது. மூன்று விக்கெட் விழுந்தது, 132 ஓட்டங்களும் வந்தன. அதே நாள், அதே கடல், அதே பந்து. வேறுபட்டது வீச்சும், அதை எதிர்கொண்ட விதமும்.

அவருக்கு ஆதரவாக (அம்லாங்கா): ஐயா கடற்கரையில் நின்று பார்க்க வேண்டும். ஏற்றம் திரும்பும்போது காற்றும் திரும்புவதுண்டு. ஆடுகளத்தை விடுங்கள், காற்று பந்தைத் தள்ளாதா?

பதில்: இப்போதுதான் பேச்சு கிரிக்கெட்டுக்குள் வருகிறது. டர்பனில் வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறிக் கடற்கரையை ஒட்டி வீசுவதை நீங்கள் இருவரும் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உம்கேனி முனையிலிருந்து வீசுபவருக்குக் காற்று முதுகில் இருக்கிறதா, எதிரே இருக்கிறதா, தோளுக்குக் குறுக்கே போகிறதா என்பது அணித்தலைவர் யாரை எந்த முனையில் நிறுத்துவது என்று முடிவெடுக்கும் முதல் கணக்கு. எதிர்க்காற்றில் வீசுபவருக்கு வேகம் குறையும், ஆனால் பந்து வளைவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்; சுழற்பந்து வீச்சாளருக்கு அதே எதிர்க்காற்று பந்தை மிதக்கவிட்டுத் திடீரென்று இறக்கித் தரும். கேசவ் மகராஜ் இதே மைதானத்தில் வளர்ந்தவர். அவர் எந்த முனையைக் கேட்டு வாங்குகிறார் என்று நாளை கவனியுங்கள். ஆக, காற்றை ஒப்புக்கொள்கிறேன். ஏற்றம் காற்றைத் திருப்புகிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பகலில் கடலிலிருந்து காற்று எழுவது நிலம் சூடாவதால்.

இசிப்பிங்கோ நண்பர் ஏற்ற அட்டவணையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். மீன் பிடிக்கப் பயன்படும், பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி (மெரிபேங்க்): வணக்கம் ஐயா. நம் டர்பன் பிள்ளை செனுரான் முத்துசாமியை வங்கதேசத்தில் ஆட வைத்துவிட்டு, சொந்த ஊர் டெஸ்டில் ஆட வைக்காதது நியாயமா? என் மகன் மிகவும் வருத்தப்படுகிறான்.

பதில்: அம்மா, உங்கள் மகனின் வருத்தம் எனக்கும் உண்டு, ஆனாலும் தேர்வு சரியே. முத்துசாமி நல்ல ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. 2019இல் விசாகப்பட்டினத்தில் தம் முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 33, 49 என்று இரண்டு முறை நின்றார்; அவர் எடுத்த முதல் டெஸ்ட் விக்கெட் விராட் கோலியுடையது, அதுவும் தம் பந்தைத் தாமே பிடித்து. சென்ற மாத இறுதியில் தொடங்கிய சட்டோகிராம் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 68 ஓட்டங்கள் எடுத்து, 45 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டும் வீழ்த்தினார். ஆனால் அது சுழலுக்கு உதவும் மண். நவம்பர் மாதக் கிங்ஸ்மீட்டில், மேகமும் பச்சைப் புல்லும் இருக்கும்போது, ஒரு சுழற்பந்து வீச்சாளர் போதும். அந்த ஒருவர் மகராஜ், அவரும் டர்பன் பிள்ளையே. முதல் இன்னிங்ஸில் மூன்று வேகப்பந்து வீச்சாளர்களே வேலையை முடித்துவிட்டதால் மகராஜுக்கே ஓர் ஓவர்கூடக் கிடைக்கவில்லை என்பதைப் பாருங்கள்.

2022இல் இதே இடத்தில் மகராஜ் 32 ஓட்டங்களுக்கு ஏழும், சைமன் ஹார்மர் 21 ஓட்டங்களுக்கு மூன்றும் எடுத்து, வேறு யாரும் ஒரு பந்துகூட வீசாமல் வங்கதேசத்தை 53க்குச் சுருட்டினார்களே என்று கேட்பீர்கள். அந்த டெஸ்ட் தொடங்கியது மார்ச் இறுதியில். கோடைக்காலம் முழுவதும் வெயில் வாங்கிய ஆடுகளம். முன்னணி வேகப்பந்து வீச்சாளர்கள் ஐபிஎல் ஆடப் போயிருந்தார்கள் என்பது மற்றொரு காரணம். மாதத்தையும் மண்ணையும் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பப் பெயரைப் பார்த்து அல்ல. நம் பெயரைப் பார்த்துத்தான் நம்மை அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் நிறவெறி ஆட்சியில் வெளியே நிறுத்தினார்கள். அதே அளவுகோலை நாமும் கையில் எடுக்கக் கூடாது. உங்கள் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: முன்னங்கால் எட்டாத பந்துக்கு டிரைவ் ஆட வேண்டாம்.

கேள்வி (லெனேசியா): நல்ல பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) மைதானத்துக்கு அருகில் எங்கே கிடைக்கும்?

பதில்: டர்பன்வாசி யாரையாவது கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கடையைச் சொல்வார்கள். இங்கே வேண்டாம்.

கேள்வி (டோங்காட்): முன்னிலை 400ஐத் தாண்டிய பிறகும் பவுமா ஏன் ஆடிக்கொண்டே இருந்தார்? சதத்துக்காகவா? அல்லது 2019இல் குசல் பெரேரா அடித்த அடியை இன்னும் மறக்கவில்லையா?

பதில்: இரண்டாவதை எவரும் மறக்கவில்லை. 304 என்ற இலக்கில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இலங்கைக்கு இன்னும் 78 ஓட்டங்கள் தேவைப்பட்டன. குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153. மறுமுனையில் விஷ்வ ஃபெர்னாண்டோ 27 பந்துகளைத் தாங்கி 6 ஓட்டங்கள். அன்று ஃபாஃப் டு பிளெசி, பெரேராவுக்கு எல்லைக்கோட்டில் ஆட்களைப் பரப்பி, ஒற்றை ஓட்டத்தை விட்டுக்கொடுத்துக் கடைசி ஆட்டக்காரரைப் பிடிக்கலாம் என்று எண்ணினார். அது உலகெங்கும் அணித்தலைவர்கள் செய்யும் வழக்கம்தான், ஆனால் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நன்றாக ஆடுபவருக்குச் சுற்றிலும் இடைவெளி கிடைத்தால், ஓவருக்கு நான்கு ஐந்து பந்துகளை அவரே வைத்துக்கொண்டு, கடைசிப் பந்தில் ஓர் ஓட்டம் எடுத்து மறுமுனைக்குப் போய்விடுவார். கடைசி ஆட்டக்காரர் பந்தையே பார்க்க மாட்டார். பெரேரா அதைத்தான் செய்தார். ஆட்டக்காரர் எத்தனை சிறந்தவராக இருந்தாலும் அவரையே ஆட்டமிழக்கச் செய்ய முயல வேண்டும், இரண்டு ஸ்லிப்பாவது நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்றைய நிலைக்கு அந்த நினைவைவிட வலுவான காரணங்கள் இருந்தன. வியான் முல்டரின் விரல் முறிந்துவிட்டதால் பவுமாவிடம் ஒரு பந்துவீச்சாளர் குறைவு. எனவே ரபாடா, யான்சன், கோட்சி மூவருக்கும் ஓய்வு கொடுத்து, எதிரணியைக் களைப்பான மாலைப் பொழுதில் ஆட வைப்பது சரியான கணக்கு. ஐந்து நாள் ஆட்டத்தில் மூன்றாம் நாள் மாலைதான் ஆகிறது, நேரம் ஏராளம். சதம் வழியில் கிடைத்தது; வழியே சதத்துக்காகப் போடப்பட்டதல்ல.

கேள்வி (ஓவர்போர்ட்): 516 எட்ட முடியாத இலக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிங்ஸ்மீட்டில் நான்காம் இன்னிங்ஸில் 654 எடுத்த அணி உண்டு என்று என் தாத்தா சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மை. தாத்தாவுக்கு என் வணக்கம். 1939 மார்ச் 3ஆம் தேதி தொடங்கிய அந்த டெஸ்டுக்கு நாள் வரம்பே கிடையாது. இங்கிலாந்துக்கு இலக்கு 696. பில் எட்ரிச் 219, பால் கிப் 120, வாலி ஹாமண்ட் 140. மார்ச் 14 அன்று ஐந்து விக்கெட்டுக்கு 654 என்று நின்றபோது, வெற்றிக்கு 42 ஓட்டங்களே பாக்கி. ஆனால் கேப்டவுனில் கப்பலைப் பிடிக்க வேண்டிய அணி ரயிலேறப் போய்விட்டதால் ஆட்டம் சமனாக முடிந்தது. அத்தனை நாட்களில் ஆடுகளம் ஏன் உடையவில்லை என்றால், இடையில் பெய்த மழையும் அதன் பின் உருட்டிய உருளையும் அதை மறுபடி மறுபடி இறுக்கிவிட்டன. மேலிருந்து வந்த தண்ணீர் என்பதை இசிப்பிங்கோ நண்பர் கவனிக்கவும்.

ஆனால் எட்டி வென்ற இலக்குகளில் மிக உயர்ந்தது 418தான், 2003இல் ஆன்டிகுவாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகள் அடைந்தது. ஐந்து விக்கெட் போன பின் இன்னும் 413 தேவைப்படும் இலங்கைக்கு 1939 ஆறுதல் தராது.

கேள்வி (ஸ்டாங்கர்): ஃபாலோ-ஆன் கொடுத்திருந்தால்…

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (கிளேர்வுட்): நான் வயதானவன். அந்த நிறவெறிக் காலத்தில் கிங்ஸ்மீட்டில் கம்பிக்கு அப்பால் தனி இடத்தில் நின்று, வெளிநாட்டு அணிக்குக் கைதட்டியவர்களில் ஒருவன். இன்றைய பிள்ளைகள் பவுமாவுக்குக் கைதட்டுவது மகிழ்ச்சிதான். நம்மவர்களின் கரிஸ் ஃபவுன்டன் மைதானத்தில் ஆடியவர்களைப் பற்றி யாராவது பேசுவார்களா?

பதில்: ஐயா, நான் பேசுகிறேன். வெள்ளையர் அல்லாதவர்களின் கிரிக்கெட்டை ஒருங்கிணைத்த தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 1947இல் உருவானது. இந்தியர், மலாய், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர் என்று தனித்தனியாகப் பிரிந்து ஆடியவர்கள் பின்னர் ஒரே அணியாக நின்றார்கள். 1958இல் அந்த அணி பேசில் டி’ஒலிவேரா தலைமையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆடியது. அதே டி’ஒலிவேரா இங்கே ஆட வழியில்லாமல் இங்கிலாந்துக்குப் போய், அந்நாட்டுக்காக டெஸ்ட் ஆடினார். நம்மவர்கள் கரிஸ் ஃபவுன்டனில் ஆடிய ஆட்டங்கள் எந்த டெஸ்ட் பட்டியலிலும் இல்லை. ஆகையால் இந்த வாரம் தொலைக்காட்சியில் சொல்லப்படும் சாதனைக் கணக்குகளெல்லாம் ஒரு பகுதி மக்களின் கணக்கு மட்டுமே என்ற நினைவோடுதான் நான் அவற்றைப் படிக்கிறேன், மேலே நானே எழுதியவை உட்பட.

1992 நவம்பர் 13 அன்று இந்தியா இங்கே வந்து ஆடியபோது நீங்களும் இருந்திருப்பீர்கள். பிரவீன் ஆம்ரே முதல் டெஸ்டிலேயே 103. ஜான்டி ரோட்ஸ் எறிந்த பந்தில், தொலைக்காட்சி நடுவரால் ஆட்டமிழந்த முதல் ஆட்டக்காரர் ஆனார் சச்சின். நாற்பது வயதில் ஓமர் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அவருடைய இருபத்தைந்து வயதில் அந்தத் தொப்பி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

கேள்வி (மொரீஷியஸ், ரோஸ் ஹில்): இங்கே எல்லோரும் கால்பந்துதான் பார்க்கிறார்கள். அம்பயர்ஸ் கால் என்றால் என்ன?

பதில்: காலில் பட்ட பந்து ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா என்ற எல்பிடபிள்யூ மேல்முறையீட்டில், பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் என்று கருவி காட்டினால், களத்து நடுவரின் முதல் முடிவே நிற்கும், கேட்ட அணி தன் முறையீட்டு வாய்ப்பையும் இழக்காது.

கேள்வி (ரிசர்வாயர் ஹில்ஸ்): நாளை காலை நீங்கள் அணித்தலைவராக இருந்தால் எப்படி நடத்துவீர்கள்?

பதில்: இன்றைக்கு வந்தவற்றில் இதுவே நல்ல கேள்வி. பந்துக்கு இப்போது சுமார் முப்பது ஓவர் வயது. அடுத்த புதுப் பந்து 80 ஓவர் முடிந்த பிறகுதான். நடுவே ஐம்பது ஓவர்கள் கூக்கபுரா பந்து மென்மையாகி, வளையாமல் வரும் நேரம். இந்த நேரத்தில்தான் நல்ல அணிகள் பொறுமையிழந்து, பவுன்சராக வீசித் தள்ளி, வீச்சாளர்களைக் களைப்படையச் செய்கின்றன.

நான் மகராஜுக்கு ஒரு முனையைக் கொடுத்துவிட்டு உணவு இடைவேளை வரை அவரை எடுக்க மாட்டேன். மறுமுனையில் மூவரும் நான்கு நான்கு ஓவர்களாக மாறி மாறி. களத்தில் நிற்கும் தினேஷ் சண்டிமால் காலை நகர்த்தி நிதானமாக ஆடக்கூடியவர். அவருக்கு ஒற்றை ஓட்டத்தைத் தானமாகக் கொடுக்காமல், கவரில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு ஸ்லிப்பும் ஒரு கல்லியும் நிறுத்தி, ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, இல்லாத நான்காம் ஸ்டம்பின் வரிசையில் வீசச் சொல்வேன். அந்த இடைவெளி இருப்பதே அவர் டிரைவ் ஆட வேண்டும் என்பதற்காக. ஆடினால் என்ன ஆகும் என்று மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். அவர் ஆடாமல் காத்திருந்தால் புதுப் பந்து வரை ஆட்டம் நீளும், சில பேருக்குச் சலிப்பாக இருக்கும். 413 ஓட்டங்கள் கையிலிருக்கும் அணித்தலைவருக்குச் சலிப்பைப் பற்றிக் கவலையில்லை. மதியத்துக்கு மேல் மேகம் திரண்டால் மட்டும் இந்தத் திட்டத்தைக் கிழித்துவிட்டு யான்சனைக் கூப்பிடுவேன், பந்து எத்தனை பழையதாக இருந்தாலும்.